ரமிஸாவுக்குக் கொடுத்த இரண்டு நிமிடம்

என் வீட்டுக்காரர் வெர்லினுக்குப் பிடித்த ஜனாதிபதி வேட்பாளரை நான் "உங்க கிழவர்" என்றுதான் சொல்வேன். கிழவரின் கொள்கை இரண்டே வரி. அரசாங்கம் ஜனங்களின் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. நம் படை அடுத்தவன் நாட்டில் கிடக்கக் கூடாது. வெர்லின் விழுந்தது முதல் வரியில். காய்ச்சாத பாலை விற்பது இங்கே சட்டப்படி குற்றம்; அப்படி விற்றதற்காக அதிகாரிகள் இரண்டு தடவை எங்கள் பண்ணைக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ரமிஸா பாஸ்னியாக்காரி. போரில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, நான்கு வயது மகன் எடினோடு அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தவள். பன்னிரண்டு வருடம் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்தாள். விரல்கள் மடங்க மறுத்ததும் வீட்டிலேயே பூரெக் செய்து விற்க ஆரம்பித்தாள். மாவை மேசைக்கு வெளியே தொங்கும் அளவுக்கு இழுப்பாள், கிழியாது. கறி வைத்துச் சுருட்டி அடுப்பில் வைத்தால் தெருவே மணக்கும். அந்த மணம் அதிகாரி மூக்குக்கும் எட்டியது. உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ராணுவத்தில் சேர்ந்திருந்த எடினுக்கு வருகிற மார்ச்சில் ஆப்கானிஸ்தானுக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரமிஸாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெர்லினுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு வெற்றுச் சீட்டில் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவோம்.

"இந்தத் தடவை நீ பேசு, ரமிஸா. கிழவர் வந்தா உன் அடுப்பும் எரியும், உன் பையனும் வீட்டுக்கு வருவான்" என்றார் வெர்லின்.

"உன் பாலை விக்கறதுக்கு நான்தான் கெடைச்சேனா, கொம்ஷியா?" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் சம்மதித்தாள். மகன் வருவான் என்றால் எந்தத் தாய்தான் மாட்டேன் என்பாள்?

அன்று மாலை நாற்பது பேர் வந்திருந்தோம். வெர்லின் எழுதிக் கொடுத்த தாளோடு ரமிஸா எழுந்தாள்.

"என் பூரெக்கைத் தின்னு யாராவது செத்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க."

"சாகல, குண்டாயிட்டோம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூடமே சிரித்தது. வெர்லின் முகத்தில் அப்படியொரு பெருமை. படையை வீட்டுக்குத் திருப்பிக் கூப்பிடச் சொல்லும் இரண்டாவது பத்திக்கு அவள் வந்தாள். நின்றாள். தாளை மடித்தாள்.

"இதை என்னால படிக்க முடியல. மூணு வருஷம் எங்க தெருவை நாங்க குனிஞ்சு ஓடித்தான் கடந்தோம். எதிர் மலையில துப்பாக்கி. என் புருஷன் ரொட்டி வாங்கப் போனாரு, பாதித் தெருவுல விழுந்துட்டாரு. அப்புறம்தான் உங்க அமெரிக்கப் படைப் பசங்க வந்து தெருமுனையில நின்னாங்க. அன்னிக்கு எடினைத் தூக்கிக்கிட்டு நடந்து போனேன். ஓடல, நடந்தேன். அங்க நின்ன பையனோட அம்மாவும் 'வீட்டுக்கு வந்துடுடா'ன்னு அழுதிருப்பாதானே? இப்ப என் பிள்ளை முறை. அவனை மட்டும் திருப்பி அனுப்புங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்? மன்னிச்சுக்கோ, கொம்ஷியா."

உட்கார்ந்துவிட்டாள். வெர்லினின் காது சிவந்துபோனது. அந்தத் தாளை அவள் கையில் திணித்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வேறொரு வேட்பாளரின் ஆள் உடனே எழுந்தார். "பாத்தீங்களா? நம்ம படை எல்லா எடத்துலயும் நிக்கணும்னு அவங்களே சொல்லிட்டாங்க!"

"நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?" என்று ரமிஸா சீறினாள். "எங்க தெருவைப் பத்திச் சொன்னேன். இப்பப் போற எடம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படித் தூங்காம கெடப்பேனா?"

சீட்டு வந்தது. ரமிஸாவின் பென்சில் தாளைத் தொடவே இல்லை. வெர்லின் எழுதினார். யாருக்கும் காட்டக் கூடாத சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கிழவரின் பெயர்தான்.

"இன்னுமா உனக்குப் பால் வியாபாரம்?" என்றாள் ரமிஸா.

"பாலு கெடக்கட்டும். எடின் வரணும்னு உன்னால கேக்க முடியாது, சரி. அவனுக்கு சைக்கிள் பழக்கினவன் நான். நான் கேக்கலாம்ல?"

அவ்வளவு நேரம் அழாதவள் அப்போது அழுதாள். தன் சீட்டை வெறுமையாகவே மடித்தாள். பிறகு வெர்லினின் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு போய், தானே பெட்டியில் போட்டாள்.