இடது பக்கத்து வலி

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மந்தைவெளியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகன் அலுவலக வேலையாக ஹைதராபாத் போயிருந்தான். வீட்டில் நானும் மருமகளும் மட்டும்தான். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். மேல்நிலை வகுப்புகளுக்கு மனித உடலைப் பாடம் நடத்தியே என் காலம் போனது. செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவேன். எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் குடியிருப்பில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அன்று மருமகள் ஒருசந்தி இருந்தாள். ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு அது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், காலையில் லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, ராத்திரியிலேருந்து தொப்புளச் சுத்தி வலி. இப்ப கீழ எறங்கிடுச்சு. வாந்தி வர்ற மாதிரியே இருக்கு.”

“எந்தப் பக்கம்மா?”

அடிவயிற்றில் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

இங்கேதான் நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொப்புளில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கூடவே குமட்டல். குடல்வால் அழற்சிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. நானே எத்தனையோ முறை பாடத்தில் சொன்னதுதான். ஆனால் குடல்வால் வலது பக்கம் இருப்பது. அவளுக்கு வலித்தது இடது பக்கம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன்.

“வலப்பக்கம்னாதான் பயப்படணும். இது வெறும் வயித்துல வர்ற வாயு. ஓமத் தண்ணி வச்சுத் தரேன், குடி.”

அவள் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல எனக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுல...”

“எக்ஸ்ரேல வாயுவெல்லாம் தெரியாதும்மா” என்று சொல்லி நானே சிரித்தேன். அவளும் பேருக்குச் சிரித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மதியம் மகன் போன் செய்தான். “அப்பா, அவ குரலே சரியில்ல. எதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்.”

“நோன்புக் களைப்புடா, வேற ஒண்ணுமில்ல. ஆயுசு முழுக்க ஒடம்பப் பத்தித்தான்டா பாடம் எடுத்தேன். எனக்குத் தெரியாதா? நீ வேலையப் பாரு.”

மூன்று மணிக்குமேல் அறைக் கதவைத் தட்டினேன். “இப்ப வலி கொறஞ்சிருக்கு மாமா” என்றாள் உள்ளேயிருந்து. எனக்கு அப்படி ஒரு திருப்தி. நிம்மதியாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. குளியலறை வாசலில் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, பற்கள் கிடுகிடுத்தன. தூக்கி உட்காரவைக்கும்போது என் முழங்கை அவள் வயிற்றில் பட்டது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. அவள் போட்ட அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீங்கிய குடல்வால் வெடிக்கும்போது வலி கொஞ்ச நேரம் தணியும். நான் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்த நேரம் அதுதான். எந்தப் பக்கமாக இருந்தாலென்ன, அவள் வயிற்றுக்குள் ஏதோ வெடித்துச் சீழ் பரவிக்கொண்டிருந்தது.

கைத்தாங்கலாக லிஃப்டில் இறக்கி, தெருமுனையில் நின்ற ஆட்டோவை அழைத்தேன். அடையாறு போக வேண்டும். ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, அக்கா மூஞ்சே வெளுத்துக்கினு கீது. காலைலயே இட்டாந்திருக்கக் கூடாதா?”

நான் அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

“மெயின் ரோட்ல மெட்ரோகாரன் தோண்டிப் போட்டு வச்சிக்கிறான், ஒரே ஜாம். நான் சந்துல பூந்து போறேன். பள்ளத்துல தூக்கிப் போடும், அக்காவ கெட்டியா புடிச்சிக்கோ.”

ராஜா அண்ணாமலைபுரத்துச் சந்துகளில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அவள் என் சட்டையைப் பற்றி இழுத்தாள். அடையாறு பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. ஓட்டுநர் பாதி இறங்கி நின்று கத்தினார். “யோவ் பஸ்ஸு, கொஞ்சம் ஒதுங்குய்யா! உயிரு போய்க்கினு கீது இங்க!” அவள் உதடுகள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தன. பாதியில் நின்றன. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி வேகமாகவும் மெல்லியதாகவும் ஓடியது. உயிர் நழுவுவதன் அடையாளம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? மீதி ஜெபத்தை நான் சொன்னேன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த பிறகு, இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னையும் உள்ளே அழைத்தார்.

“அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருக்கு சார். ஒடனே ஆபரேஷன் பண்ணணும். இவங்களுக்கு உறுப்பெல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி பக்கம் மாறியிருக்கு. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். அதனால அப்பெண்டிக்ஸும் இடப்பக்கம். வீட்ல யாருக்கும் தெரியாதா?”

படுக்கையில் கிடந்த மருமகள் கண் திறந்தாள். “எனக்குத் தெரியும் டாக்டர். சின்ன வயசுல எக்ஸ்ரேல பாத்தாங்க. கல்யாணம் தட்டிப் போயிடும்னு அம்மா வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

தாய்க்குக் கொடுத்த வாக்கை மீறி, அவள் காலையில் சொல்லத் துணிந்தது இதைத்தான்.

“வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்று மருத்துவர் கேட்டார்.

“நேத்து ராத்திரி. மாமாகிட்ட நான் சொல்லல. சாயங்காலம்தான் சொன்னேன்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையெழுத்து போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்தும் ஆபத்து நீங்கவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஹைதராபாத்திலிருந்து ஓடிவந்த மகனும் நானும் பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிடந்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்தாள். அவள் எழுந்து உட்கார்ந்ததும் மகன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “லூசு மாதிரி ஏன்டி அப்பாகிட்ட காலைலயே சொல்லல?” என்பதுதான். “பெருசா எடுத்துக்கல” என்று சொல்லி அவள் என்னைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சு எழுந்தபோதெல்லாம் அவள் திட்டு வாங்கினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, “இவ்வளவு நாள் அவளையே திட்டிட்டிருந்தேனேப்பா” என்று மட்டும் சொல்லி எழுந்து போனான். சமையலறையில் அவன் அவளிடம் தணிந்த குரலில் ஏதோ பேசுவதும், அவள் “விடுங்க, பெரியவங்க” என்பதும் கேட்டது.

என் அறியாமையைக் கடவுள் மன்னிப்பார் என்று நம்புகிறேன்; ஆனால் உயிர் ஊசலாடும் நேரத்திலும் என் மானத்தைக் காக்க அவள் சொன்ன பொய்க்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்துகொண்டிருந்தேனே, அதை நினைத்தால் அவள் எனக்குச் சோறு பரிமாறும் ஒவ்வொரு வேளையும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.