அலமேலு அண்ணியைக் குளிப்பாட்டிய கைகள்

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. ஈரக் கையோடு எடுக்க மனமில்லாமல் விட்டேன். மறுபடியும் அடித்தது. இசக்கியம்மாள் கூப்பிட்டிருந்தாள். ஸ்லோவாக்கியாவில் எங்கள் அண்ணியோடு ஒரே வீட்டில் தங்கி, ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த நாங்குநேரிப் பக்கத்துப் பெண்.

"எக்கா, அலமேலு அக்கா எந்திரிக்க மாட்டேங்காவ. டாக்டர் வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாவளாம்" என்றாள். "நல்லா எழுப்பிப் பாத்தியா?" என்று கேட்டேன். டாக்டர் பார்த்துவிட்டார் என்று சொன்ன பிறகும் அப்படித்தான் கேட்டேன். அவள் பொறுமையாக, "பாத்தேன் எக்கா" என்றாள். மீனை அப்படியே போட்டுவிட்டு, அடுத்த வாசலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அலமேலு அண்ணியோடு இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். லைனில் நின்ற அலமேலுவை உங்களுக்குத் தெரியும். நான் அவருடைய நாத்தனார். எனக்குத் தெரிந்தது வேறு அலமேலு என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மை என்னவென்றால், அவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் உயிரை வாங்கினார்.

அவருக்கு வேலை கார் கதவுகளைச் சோதிப்பது. மெல்லிய கையுறை போட்டு, தகட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத நெளிவைக் கண்டுபிடித்து வட்டம் போடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பாதியைத் திரும்பவும் என் முன்னால் வைப்பார். "கண்ணால பாத்துட்டு வெச்சிடற மல்லி. கையாலயும் ஒருவாட்டி பாரு" என்பார். ஒருநாள் கோபத்தில், "வட்டம் போட சாக்பீஸ் எடுத்தாரட்டா அண்ணி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "எடுத்தா. உன் வேலைக்கு ஒரு பெட்டி ஆவும்" என்றார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வந்தது. பேசிவிட்டேன்.

வண்டியில் கீறல் விழும் என்று லைனில் நகை எதுவும் போடக்கூடாது. அண்ணி தாலிச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவார். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத குறையையும் அதோடு முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். எனக்குக் காது சூடேறியது. அண்ணி பாயசத்தை நிதானமாகக் குடித்து முடித்தார். "வண்டில கீறல் வுழுந்தா சூப்பர்வைசர் கத்துவான். என் கயித்துல தங்கம் இல்லன்னா எங்க வூட்டுக்காரரே கத்தல. உங்களுக்கு இன்னா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அண்ணன் ஏழுமலை தண்டலத்தில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அண்ணியே பேசிவிடுவார்.

ஸ்லோவாக்கியாவில் கம்பெனி புதிதாக ஆலை திறந்தபோது, கதவு பார்க்கப் பழக்குவதற்கு அண்ணியையும் இசக்கியையும் அனுப்பினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் பாஸ்போர்ட். தினமும் கூப்பிடுவார். பனி பெய்வதை ஒரே ஒருநாள் வியந்தார். மறுநாளிலிருந்து, "துணி காய மாட்டேங்குது" என்று அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் போன செய்தி பரவியதும் வீடு நிறைந்தது. கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி அண்ணனிடம் இரண்டு வழி சொன்னார். உடலை இங்கே கொண்டுவரலாம். அனுமதிகள் கிடைக்க நாளாகும். கெடாமலிருக்க மருந்து ஏற்றி, தகடு வைத்த பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள். இல்லையென்றால் அங்கேயே தகனம் செய்து அஸ்தியை அனுப்பலாம். எதுவானாலும் செலவு கம்பெனியுடையது, முடிவு கணவருடையது.

"அங்க வேணாம். யாரும் இல்லாத அநாதையாட்டம் என் பொண்டாட்டிய எரிக்கக் கூடாது. அவ மூஞ்ச நான் பாக்கணும்" என்றார் அண்ணன். கூடியிருந்தவர்கள் பேசினார்கள். மஞ்சள் பூசாமல், பூ வைக்காமல், பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் ஒரு சுமங்கலியை அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் ஒருவர். பெட்டியை உடைத்துத் திறந்துகொள்ளலாம், யார் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். அண்ணியை உடைத்து எடுக்கிற சாமானாக்கிவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாரும் கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க" என்று சத்தம் போட்டேன். சாவு வீட்டில் அப்படிப் பேசக்கூடாதுதான். பேசினேன்.

அந்த நேரத்தில் இசக்கி கூப்பிட்டாள். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீய. பெட்டில வச்சு அடைச்சுட்டா, அதுக்கப்புறம் அக்காவ யாருமே தொட முடியாது. இங்கனயே செஞ்சா நான் குளிப்பாட்டி விடுதேன். தகனம் பண்ணுத எடத்துல கேட்டுட்டேன், உள்ள விடுதோம்னு சொல்லிட்டாவ."

அண்ணன் கைபேசிப் பக்கம் குனிந்தார். "மஞ்சா பூசுவியாம்மா?"

"சமையலுக்குக் கொண்டாந்த மஞ்சப்பொடி இருக்கு அண்ணாச்சி. கொழச்சுப் பூசுதேன்."

"பூ?"

"பூக்கடை இருக்கு. மல்லி கெடைக்காது. வெள்ளையா எது இருக்கோ அத வாங்கிக் கட்டுதேன்."

கோடிதான் பாக்கி. அது அண்ணியின் தம்பி முனுசாமி கொண்டுவர வேண்டியது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். "பொங்கலுக்குக் கட்டிக்கிறேன்னு ஒரு அரக்குச் சேலை எடுத்துனு போச்சே, அது நான் எடுத்துக் குடுத்ததுதான். இன்னும் மடிப்புகூட பிரிக்கல. அதையே கோடியா போத்திடும்மா" என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைபோல் அழுதார்.

அண்ணன் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீடியோவில் அவருக்கு அந்த முகத்தைக் காட்ட வேண்டும்.

தகன நாள் வந்தது. என் கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். அங்கே இசக்கி ஷிப்டைப் பாதியில் விட்டு நேராக வந்திருந்தாள். அழைப்பு வந்தது. "போன ஜன்னல்ல சாத்தி வச்சிருக்கேன் அண்ணாச்சி. கை ஈரமாயிரும், இனிமே தொட மாட்டேன். பாத்துக்கிடுங்க" என்ற குரல் கேட்டது. திரை முழுக்க மங்கலான சிவப்பு. வேறு ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற யாருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே படம் எடுத்துவிடக் கூடாது என்று கேட்டில் செக்யூரிட்டி எங்கள் கைபேசிக் கேமராமேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். வெளியே வந்ததும் பிய்த்துவிடுவோம். அங்கேயும் அதே வழக்கம். அழுகையும் அவசரமுமாக ஓடிவந்த இசக்கி அதைப் பிய்க்க மறந்துவிட்டாள். திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்ததால் அவளுக்குத் தெரியவுமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் பிய்த்துவிடுவாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்களிடம் அல்ல, அண்ணியிடம்.

"அக்கா, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, பயப்படாதீய. கையத் தாங்க. ஆங். இந்தக் கை எம்புட்டுக் கதவப் பாத்திருக்கும்." தண்ணீர் பிழியும் சத்தம். "நீங்க வைக்க மாதிரி எனக்குச் சேல மடிப்பு வராது, பொறுத்துக்கிடுங்க. அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருக்காவ."

நான் மறுபடி கைபேசியை நோக்கிக் குனிந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"வுடு மல்லி. எதுவும் சொல்லாத."

"அண்ணே, மூஞ்சி பாக்கணும்னியே."

"வேணாம். இது போதும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் கேட்டோம். அறை நிறையக் காலணிச் சத்தம். அண்ணியிடம் வேலை பழகிய அந்த ஊர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். இசக்கி எல்லாம் முடித்து, "வேற எதும் விட்டுப்போச்சா?" என்று தனக்குத்தானே கேட்டாள். யாரோ ஒரு பெண் குரல், தமிழில், "சரி" என்றது. பிறகு இன்னொன்று, "சரி." கதவில் குறையில்லை என்றால் சொல்வதற்கு அண்ணி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான் என்று பின்னால் இசக்கி சொன்னாள். அப்போது அது தெரியாமலே எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம்.

ஸ்டிக்கர் விஷயத்தை இசக்கியிடம் இதுவரை நாங்கள் சொல்லவில்லை. "நல்லாப் பாத்தீயளா அண்ணாச்சி?" என்று கேட்டபோது, அண்ணன், "பாத்தேம்மா. நல்லா செஞ்ச" என்றார். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு நல்ல பொய்யை அவர் சொல்லிக் கேட்டதில்லை. இசக்கி இதைப் படித்தால், தங்கச்சி, அவர் சொன்னதில் பொய் கொஞ்சம்தான்.

அஸ்தி வந்தது. கடலில் கரைத்தோம். காரியத்தன்று ஒரு பெரியவர் விடாமல் கேட்டார். "கடைசியா மூஞ்சிகூட பாக்காம வுட்டுட்டியேடா?"

"பாத்தேனே, ஏர்போர்ட்ல" என்றார் அண்ணன்.

அண்ணி ஸ்லோவாக்கியாவுக்குக் கிளம்பிய அன்று நானும் உடன் போயிருந்தேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அண்ணி, வரிசையை விட்டுக் கண்ணாடிச் சுவர் வரைக்கும் திரும்பி வந்தார். நாங்கள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து முறைத்தார். போங்க, போங்க என்று இரண்டு கையாலும் விரட்டினார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

உயிரில்லாத அண்ணியின் முகம் எங்கள் யாரிடமும் இல்லை. என்னிடம் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் சிரித்த அந்த முகம்தான். போகச் சொல்லி இன்னும் விரட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நாங்கள்தான் கிளம்பவில்லை.