சாயங்காலத்துக்குள் சரியாகும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவன் போய்வரும் பதினாறு கட்டிடங்களிலும் அவன் பெயர் 'சாயங்காலம்'தான். லிஃப்ட் நின்றுவிட்டால் 'சாயங்காலத்துக்குள் சரியாகும்' என்று கதவில் போர்டு மாட்டுவதுதான் அவன் முதல் வேலை. உதிரிபாகம் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸ் மாட்டச் சொல்லும், மாட்டுவான். ஏழு மாடி ஏறி மூச்சு வாங்குகிறவர்கள் ஆபீஸையா தேடிப்போய்த் திட்டுவார்கள்? ஒருமுறை ஒரு வக்கீல் போர்டைப் பிடுங்கி அவன் மேலேயே வீசினார். அன்று அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த தங்கை, கல்லூரிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சண்டைக்குப் போனாள். "எழுதச் சொன்னவங்களைப் போய்க் கேளுங்க சார். எங்க அண்ணன் மேல ஏன் பாயறீங்க?"

அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, ஒரு வீடியோ கேம். அதன் மூன்றாம் பாகத்துக்காக ஆறு வருஷமாகத் தவம் கிடந்தான். ஒருநாள் கேம் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டது. பத்து நாள் அது பின்னோக்கி ஓடியது. பத்தாம் நாள் இவன் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தான். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் ஒரே ஒரு வரி வந்தது: 'எப்போது அறிவிப்போம் என்பதை அடுத்த மாதம் அறிவிப்போம்.'

ரசிகர் கூட்டமே கொதித்தது. இவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்த வரிக்குக் கீழேயே எழுதினான்: 'லிஃப்ட் ஓடலைன்னா நாங்களும் போர்டு மாட்டுவோம். போர்டு எப்ப மாட்டுவோம்னு தனியா ஒரு போர்டு மாட்ட மாட்டோம். இதை எழுதின ஜென்மத்தைப் பெத்தவங்க தலையில அடிச்சுக்கணும்.'

ஒன்பதாயிரம் லைக். அத்தனை பின்னூட்டத்துக்கும் மேலே அவனுடையதுதான் நின்றது. நாலு நாள் அவன் கால் தரையில் பாவவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் காட்டினான், கேட்காதவர்களுக்கும் காட்டினான்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பிட வந்தாள். புது வேலையில் சேர்ந்து நாலு மாசம். என்ன வேலை என்று கேட்டால் 'ஏதோ விளம்பரம்' என்று மழுப்புவாள். முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து அம்மா விடவில்லை. சாப்பிடும்போது சொன்னாள்.

"அந்த கேம் கம்பெனியிலதாம்மா இருக்கேன். வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. கடிகாரம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை. கடைசியில அந்த ஒரு வரியையும் நீதான் எழுதணும்னாங்க. எழுதினேன்."

அவன் கை தட்டிலேயே நின்றது.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் மீட்டிங். நம்ம அறிவிப்புக்கு வந்த கமெண்ட்டுல எது மேல இருக்கோ, அதை நாமளே எழுந்து நின்னு சத்தமா படிக்கணும். அங்க அதான் வழக்கம்."

"என்னன்னு படிச்சே?" என்றாள் அம்மா.

தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெத்தவங்க தலையில அடிச்சுக்கணும்னு."

"அடப்பாவி! அவன் நாக்கு அழுகிப் போக! யாருடி அவன்?"

"யாரோ வேலைவெட்டி இல்லாத பயலா இருப்பான், விடும்மா" என்றான் அவன். சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போல அவனுக்கே இருந்தது.

தங்கை அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாம்மா. யாரோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

அவன் பின்னாலேயே சமையலறைக்குப் போனான். அவள் குழாயைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"முதல் வரியிலேயே தெரிஞ்சுடுச்சுண்ணா, போர்டுன்னு வந்ததும். ஆனா நிறுத்த முடியாதே, முழுசும் படிச்சேன்." குரலில் கோபமே இல்லை. "முடிஞ்சதும் பக்கத்து சீட்டுக்காரி இவனைத் தேடிப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்னா. நான்தான் வேணாம்னேன். ஆறு வருஷமா காத்திருக்கான், பாவம், விடுன்னேன்."

அவனுக்கு அந்த வக்கீல் நினைவுக்கு வந்தார். அவராவது முகத்துக்கு நேரே வீசினார். தங்கையின் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. மன்னிச்சுடு பாப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். செம்பை நிரப்பிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.