ஐந்தருவிச் சாலையில் காயின் மெஷினும் பன்னிரண்டு வார்த்தைகளும்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல்முறையாகத் தனியாகக் குற்றாலம் போனேன். குளிப்பதற்காக அல்ல. துபாயில் வேலை செய்த என் அத்தா (அப்பா) அங்கேயே இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் சேர்த்ததில் கொஞ்சம் கிரிப்டோ காயினாக இருந்தது. அதை ரூபாயாக எடுக்கும் மெஷின் ஐந்தருவிச் சாலையில் இருப்பதாக, அத்தாவுடன் அறையில் தங்கியிருந்த மாமா போனில் சொன்னார். அம்மா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போக மாட்டார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. எனக்குப் பதினாறு வயது, ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவேன்.

அந்தக் காயினுக்குச் சாவி பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். அவற்றைப் போனே ஏதோ ஒரு வரிசையில் எடுத்துக் கொடுக்குமாம். நான் பள்ளியை விட்ட பிறகு அத்தா வெள்ளிதோறும் போனில் ஒரு வார்த்தை சொல்லி, எழுத்துக் கூட்டி ஒரு நோட்டில் எழுத வைப்பார். "வரிசை மாறப்படாது. யார்ட்டயும் காட்டாத, உங்கம்மாட்ட கூட" என்பார். நான் பாடம் என்று நினைத்தேன். அந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் பணம் அவருக்குப் போய்விடும் என்பதை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

புளியங்குடியில் காலை 8.10-க்குப் பஸ். தென்காசி 36 கி.மீ., டிக்கெட் 34 ரூபாய், 9.25-க்கு இறங்கினேன். குற்றாலத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். அங்கிருந்து ஆட்டோ 150 ரூபாய்.

"குளிக்கவா தாயி? துண்டு கூட கொண்டாரலையே?" என்றார் ஆட்டோக்காரர். நான் வெளியே பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "சரி, நான் கேக்கல" என்று ஓட்டினார்.

சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில், சீசனுக்கு மட்டும் திறக்கும் மொபைல் கடை. மூலையில் ஏ.டி.எம். போல, சற்றுக் குட்டையாக ஒரு பெட்டி. திரையில் இங்கிலீஷ் மட்டும்தான்.

"மொதல்ல ஒன் போன்ல வாலட்ட, அதான் காயின் ஆப்ப, தொறக்கணும். பொறவு இங்கன தெரியுத கட்டத்த ஸ்கேன் பண்ணு. காயின் வந்ததும் ரூவா விழும்" என்றார் கடை அண்ணாச்சி.

மாமா சொல்லிப் போனில் ஏற்றியிருந்த ஆப்பில், நோட்டைப் பார்த்து வார்த்தைகளை அடித்தேன். தவறு என்று வந்தது. மறுபடியும் தவறு. பின்னால் ஈரத்துண்டோடு நின்றவர், "பாப்பா தொறக்கதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும் போலுக்கே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணாச்சி கையை நீட்டினார். "தா இங்க. ரெண்டு நிமிசத்துல அடிச்சித் தாரேன்."

நோட்டு என் கையிலிருந்து பாதி போய்விட்டது. பெரியவர்கள் கேட்டால் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். சட்டென்று திரும்ப இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நானே அடிச்சிக்கிடுதேன்."

"ஏட்டி, ஒன் காயின நான் தின்னுருவனா?"

"யார்ட்டயும் காட்டப்படாதுன்னு அத்தா சொன்னாங்க."

"அப்ப அத்தாவக் கூட்டியாந்திருக்கலாம்லா?"

"மவுத்தாயிட்டாங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "அண்ணே, செத்த நில்லுங்க" என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் அடித்ததில் ஐந்தாவது வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றாவது முறை திறந்தது.

ஸ்கேன் செய்து 25 நிமிடம் காத்திருந்தேன். மதிப்பு 41,250 ரூபாய், கமிஷன் 3,300. மெஷின் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக 37,500 தந்தது. மீதி 450-ஐ அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: கமிஷன் அதிகம். அந்த மெஷினுக்கு அனுமதி உண்டா என்று எனக்குத் தெரியாது, கடையில் எந்தச் சான்றிதழும் பார்க்கவில்லை. வயது வந்த ஒருவரின் பேங்க் கணக்கு வழியாக முறைப்படி எடுப்பதே நல்லது. மழையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், நோட்டுக்கு பிளாஸ்டிக் உறை வேண்டும். வார்த்தைகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் கொடுக்காதீர்கள்.

3.40-க்கு வீடு வந்தேன். அம்மா பணத்தை எண்ணவில்லை. "இனி ஒளிக்க ஒண்ணுமில்லைல்லா, அந்த வார்த்தையள எனக்குச் சொல்லேன்" என்றார். லெமன், எலுமிச்சை. லேடர், ஏணி. ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

ஒன்பதாவது, ஆர்ஃபன். அதற்கு மட்டும் அத்தா அர்த்தம் சொல்லாமல் "பொறவு சொல்லுதேன்" என்றிருந்தார். பஸ்ஸில் வரும்போது போனில் தேடிப் பார்த்தேன். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளை என்று போட்டிருந்தது.

"அப்படின்னா என்னது?" என்றார் அம்மா.

"தெரியலம்மா" என்று சொல்லி, பத்தாவது வார்த்தையை வாசித்தேன்.