நீலம் மாறாத தாள்

ஒரு கை மாட்டின் வாலுக்குக் கீழே மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. மறு கை குவளையை ஏந்திக் காத்திருந்தது. மாடு அசைபோட்டதே தவிர, ஒரு சொட்டு மூத்திரம் விடவில்லை.

"மகாராணி, கொஞ்சம் மனசு வை. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

ஒருவழியாக மனசு வைத்தது. அதில் நனைத்த புளிப்பு பார்க்கும் தாள் இன்றைக்கும் நீலமாகவே நின்றது. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பண்ணையில் அவளுக்கு 'மூத்திரக்காரி' என்று பட்டப்பெயர். கல்யாணத்துக்கு முன்பு தையல் கடையில் அளவெடுத்துப் பழகியவள். அந்தக் கறாரை மாடுகளிடமும் காட்டினாள். போன கோடையில் ஈன்ற ஒரு மாடு, உடம்பின் சுண்ணாம்புச்சத்தெல்லாம் பாலில் இறங்கி, காது சில்லிட்டுப் படுத்தது, எழவே இல்லை. அதிலிருந்து, எது விழும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுவதில் பிடிவாதம். நிறைசினையில் புளிப்பு உப்புத் தீவனம் தின்றால், எலும்பு தன் சுண்ணாம்புச்சத்தைத் தானே இறக்கிக் கொடுக்கப் பழகும். மூத்திரத்தில் புளிப்பேறித் தாள் மஞ்சளானால் பழகிவிட்டது என்று பொருள். மற்ற மாடுகளுக்கு மஞ்சளானது. இதற்கு மட்டும் உப்பைக் கூட்டியும் அசையவில்லை.

குவளையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், தீவனத் தொட்டியில் கணவன் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க அது?"

"சுண்ணாம்புச்சத்துப் பொடிதான். விழுந்துடும் விழுந்துடும்னு நீதான புலம்புற? தெனமும் ரெண்டு கை போடறேன். பாவம், வாயில்லா ஜீவன்."

"அதுக்கு வாயில்ல. உங்களுக்கு இருக்குல்ல? ஒரு வார்த்தை சொன்னா என்ன? சுண்ணாம்பு என் புளிப்பையெல்லாம் முறிச்சிடுச்சே! சும்மா கெடைச்சா எலும்பு எதுக்கு வேலை செய்யும்? உங்க தம்பி மாதிரி உக்காந்துதான் திங்கும்."

"என் தம்பிய ஏன் இழுக்குற?"

பதில் சொல்ல நேரமில்லை. மாட்டுக்கு மடி இறுகி, இடுப்புக்குழி விழுந்திருந்தது. இன்றைக்கே ஈன்றுவிடும்; இனிப் பழக்க முடியாது. இது நிச்சயம் விழும். மாட்டு டாக்டருக்கு அப்போதே போன் போட்டாள்.

மதியம் மாடு கன்று ஈன்றது. சாயங்காலம் மாட்டின் காது குளிர்ந்து, பின்னங்கால் நடுங்கியது. டாக்டர் தயாராக வந்திருந்தார். கழுத்து நரம்பில் சுண்ணாம்புச்சத்து மருந்து மெதுவாக இறங்கியது. அவள் காதைப் பிடித்தபடியே நின்றாள். சொன்னது பலித்ததில் அவளுக்குத் துளிகூடச் சந்தோஷமில்லை. வந்திருக்கவே வேண்டாத வியாதி.

மெல்லக் காதில் சூடு திரும்பியது. மாடு உதறிக்கொண்டு நேராக நின்று சாணி போட்டது. கணவன் பால் வாளியோடு வந்தான்.

"ஒட்டக் கறக்காதீங்க. கன்னுக்கு வேணுங்கறது மட்டும். இல்லேன்னா சத்தெல்லாம் மறுபடி பால்ல இறங்கிடும்."

அவன் வாளியின் அடியில் விரல் வைத்து, "இவ்ளோ போதுமா?" என்று கேட்டான். அவள் மாட்டின் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.