சவுக்குத் தோப்பில் இடது கை

முகாம் போட்ட அன்று மாலையே எங்களுக்குத் தண்ணீர் நின்றுபோயிற்று. சாரணர் படையில் சேரப்போகும் பையன்களுக்கும், அவர்களை மேய்க்கப்போகும் ஆசிரியர்களுக்கும் உபயோகப்படலாம் என்று அந்த விவரத்தை எழுதிவைக்கிறேன். எழுதுகிறவன் வீரன் அல்லன் என்பது போகப் போகத் தெரியும்.

1. ஸ்கௌட் மாஸ்டர் ஆனேன்

யுத்தம் முடிந்திருந்த சமயம். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்கௌட் ட்ரூப்பைக் கவனித்துவந்த டிரில் மாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட, ஹெட்மாஸ்டர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை கீழிருந்து மேலாகப் பார்த்தார். அரை டிராயரில் நின்றால் பையன்கள் சிரிக்காத முழங்கால் என்னுடையதுதான் என்று முடிவு செய்தார். அது தவறான முடிவு என்பது முதல் பரேடிலேயே தெரிந்துவிட்டது.

"ஓய், இந்த ட்ரூப் தண்டச் செலவுன்னு கமிட்டியில பேசிண்டிருக்கா. ஒரு கேம்ப் போடும். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாப்பேன். ஒழுங்கா நடந்தா ட்ரூப் இருக்கும். பாதியில மூட்டை கட்டினீரோ, அந்தப் பீரியடைத் தோட்டவேலைக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

பையன்களுக்கு ட்ரூப் என்றால் உயிர். அதிலும் பேட்ரல் லீடர், அதாவது அணித் தலைவன், உமருக்கு. அவன் அப்பா புத்தகம் பைண்டு செய்கிறவர். மகனும் அதே ஒழுங்கு; ஸ்கார்ஃபின் மடிப்பு கலைந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

விதிகளை எல்லோருக்கும் உருப்போட வைத்தேன். அடுப்புப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல். விசில் கேட்காமல் கடலில் கால் வைக்கக் கூடாது. தெரியாத ஊற்றுத் தண்ணீரைத் தொடக் கூடாது. நல்ல தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். சாரணன் கை குலுக்குவது இடது கையால். வலது கையில் ஆயுதம், இடது கையில் கேடயம்; நம்புகிறவனிடம் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். சரித்திர ஆசிரியன் ஆனதால் இந்தக் கடைசி விதிக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

2. நாட்டார் வந்தார்

அடையாற்றுக்குத் தெற்கே, ஊரூர் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தோம். அங்கே நல்ல தண்ணீர் உள்ள கிணறு ஒன்றுதான். அது குப்பத்துக் கிணறு. நாட்டாரிடம், அதாவது குப்பத்துத் தலைவரிடம், பள்ளிக்கூடத்துப் பியூனை அனுப்பி அனுமதி வாங்கியிருந்தேன். நான் நேரில் போகவில்லை. கிணறு யாருடையது என்பதை, ஆசாரம் பார்க்கிற மாடவீதிப் பெற்றோர்களிடமும் விரிவாகச் சொல்லவில்லை. 'தண்ணீர் நன்றாக இருக்கும்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது உண்மைதானே.

மாலையில் நாட்டார் இரண்டு ஆட்களோடு எங்களைப் பார்க்க வந்தார். ஆஜானுபாகு. வலது தோளில் ஒரு பெரிய துண்டு, கையை மூடித் தொங்கிற்று. பையன்கள் வரிசையில் நின்றார்கள். உமர் ஓரடி முன்னால் வந்து, சல்யூட் அடித்து, இடது கையை நீட்டினான்.

நாட்டாரின் முகம் கறுத்தது. "இன்னா நைனா, நக்கலா?"

நான் குறுக்கே புகுந்தேன். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. வலது கையில வாளு, இடது கையில கேடயம். அந்தக் கேடயத்தை..."

"இன்னா வாளு, இன்னா கேடயம்? உன் கையில விசிலுதானே கீது? என் கை இப்பிடி கீதுன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே பசங்களைவுட்டு இடது கைய நீட்டச் சொன்னே?"

துண்டை விலக்கினார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வலைக்கயிறு சுற்றி அறுத்த புண்; ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். அதைப் பியூனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"டேய், கெணத்துக் கயித்த அவுத்துக்கினு வாங்கடா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

3. ஞாயிற்றுக்கிழமை

மிச்சமிருந்த ஒரு பானைத் தண்ணீர் அன்றைய சமையலோடு சரி. தோப்புக்குள் ஓர் ஊற்று இருந்தது, கலங்கல். "அதை எவனும் தொடப்படாது. காலையில கிளம்பறோம்" என்றேன்.

உமர் என் எதிரில் வந்து நின்றான். "நான் போய் மன்னிப்புக் கேக்கறேன் சார்."

"எந்தக் கையால கேப்பே?" என்றேன். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். ஹாஸ்யம் எல்லா நேரத்திலும் கைகொடுப்பதில்லை. ஹெட்மாஸ்டர் வந்தால் சல்யூட்டோடு நிறுத்த வேண்டும், ஒருவனும் கையை நீட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் கூடார முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஒழிகிறோமா என்று பார்க்க நாட்டார் வந்து ஒரு மரத்தடியில் நின்றார். கூடவே ஹெட்மாஸ்டரின் ஜட்காவும் வந்தது. பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை. கடற்காற்றில் மனிதர் உற்சாகமாக இருந்தார். யாரோ துரையைப் போல் உமரிடம் வலது கையை நீட்டினார்.

பழக்கம் என் உத்தரவை மீறிவிட்டது. உமர் இடது கையைக் கொடுத்தான்.

"என்னடா இது, அசத்து! எனக்கே இடது கையா?"

"ரூல் சார்" என்றான் உமர். "நம்பறவங்களுக்கு இந்தக் கைதான் சார்."

மரத்தடியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "அடப்பாவிங்களா! சொந்த வாத்தியாருக்கே இதானா!" நாட்டார் எங்களை நோக்கி வந்தார். "நைனா, அல்லாருக்கும் இந்தக் கைதான் குடுப்பியா?"

"எல்லாருக்கும்."

"கலெக்டரு வந்தா?"

"இதான்."

"ரெண்டு கையும் நல்லா கீறவனுக்கு?"

"இதேதான் தலைவரே."

நாட்டார் தம் இடது கையை நீட்டினார். உமர் பிடித்துக் குலுக்கினான். அப்படியே வரிசை முழுவதும் போனார். கடைசியில் நின்ற பொடியன்கள் இரண்டாம் முறையும் கை நீட்ட, அதையும் குலுக்கினார். வரிசை முடிந்த இடத்தில் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

நாட்டாரின் கை அவருக்கு நேராகவும் நீண்டது. ஹெட்மாஸ்டரின் வலது கை பாதி தூரம் எழுந்தது. துண்டுக்குக் கீழே அவர் பார்வை போயிற்று. எழுந்த கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, இடது கையைக் கொடுத்தார்.

"கயித்தப் போடுங்கடா" என்று நாட்டார் குரல் கொடுத்தார்.

கிணற்றிலிருந்து முதலில் வந்த தண்ணீரை ஒரு குவளையில் ஹெட்மாஸ்டரிடம் நீட்டினார்கள். அண்ணாந்து குடித்தார். கொதிக்கவைக்காத தண்ணீர் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. விதியைச் சொல்ல அது நேரமில்லை.

அன்று முதல் என் விதிகளில் முதலாவது இது: கூடாரம் அடிக்குமுன், தண்ணீர் கொடுக்கிறவர் வீட்டுக்கு நீயே நடந்து போ, ஆளை அனுப்பாதே.

கமிட்டியில் ஹெட்மாஸ்டர், "ட்ரூப் இருக்கட்டும்" என்றார். கேம்ப் எப்படியிருந்தது என்று மாடவீதிக்காரர் ஒருவர் கேட்டார்.

"தண்ணி நன்னா இருந்தது" என்று மட்டும் சொன்னார்.