வாடகைக்கு வந்த மாப்பிள்ளை

ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்த உருக்காலை ஊரில் வெர்னா லட்ஸ் இருபத்தோரு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னாள். ஊரில் பாதிப் பேருக்குக் கழித்தல் கணக்கு அவள் போட்ட பிச்சை. பொய் சொன்னவர்கள் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் வகுப்பின் சட்டம். வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை.

ஓர்வில் ஸ்டாஃபர் உருக்காலையில் வேலை பார்த்தவன். ஆலை கதவை மூடியபோது அவர்கள் இருவரும் பழகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட ஒப்பந்தத்திலோ ஒரு வரி உண்டு: ஆசிரியை கல்யாணம் செய்துகொண்டால் அன்றோடு வேலை போய்விடும். ஆண்கள் வேலையில்லாமல் தெருவில் நிற்கும்போது ஒரே வீட்டுக்கு இரண்டு சம்பளம் எதற்கு என்பது ஊர் நியாயம். ஓர்விலுக்கு ஒரு சம்பளமும் இல்லை என்பதை அந்த வரி கேட்டுக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் ஒரு சனிக்கிழமை இருவரும் ஆற்றைக் கடந்து மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், தெரியாத ஊரில் கல்யாணம் செய்துகொண்டு, தனித்தனி பஸ்ஸில் திரும்பினார்கள்.

வெர்னாவின் அம்மா பிரீடா விதவை. பின்னறையை வாடகைக்கு விடுவது அவள் வழக்கம். அடுத்த வாரம் ஜன்னலில் 'அறை வாடகைக்கு' என்ற அட்டையை வைத்தாள். தெருவே தாழ்வாரத்தில் உட்கார்ந்து காற்று வாங்கும் நேரமாகப் பார்த்து, ஓர்வில் ஒரு பெட்டியோடு வந்து தன் மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சாப்பாடு சேர்த்து வாரம் மூணு டாலர். குடிச்சுட்டு வரக்கூடாது. காலி பண்றதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும்" என்று பிரீடா தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

எதிர்வீட்டு டில்வர்த் தாத்தா சும்மா இருப்பாரா? "ரெண்டரைக்குக் கேளுப்பா. அந்தம்மா சூப்புல தண்ணிதான் ஜாஸ்தி" என்றார்.

திரைக்குப் பின்னால் வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பொய்யில் அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு வந்ததெல்லாம் ஒளிவு மறைவு. ஓர்வில் சமைப்பான், துணி மடிப்பான். யாராவது கதவைத் தட்டினால் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, மூலை நாற்காலியில் செய்தித்தாளோடு வாடகைக்காரன் ஆகிவிடுவான். பள்ளிக் குழுத் தலைவரின் மனைவி திருமதி ஹேவர்காம்ப் அடிக்கடி வருவாள். அவள் வந்துபோனால் பிரீடாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "கல்யாணம் பண்ணாம கூடி வாழறவங்ககூட இப்படிப் பூனை மாதிரி நடக்க மாட்டாங்கடி" என்பாள்.

முப்பத்தைந்தில் அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த சாலை வேலையில் ஓர்வில் சேர்ந்தான். மூன்றாம் வாரம் லாரியிலிருந்து சரிந்த கல் அவன் வலது காலை நசுக்கியது. சேதி வந்ததும் வெர்னா வகுப்பை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே நோயாளிகளுக்குப் பத்திரிகை கொடுக்க வந்த திருமதி ஹேவர்காம்ப் நர்ஸின் மேஜையருகே நின்றிருந்தாள். பாதி திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஓர்வில் கட்டிலில் கிடப்பது தெரிந்தது.

"நீங்க அவருக்கு என்ன வேணும்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

வெர்னா திருமதி ஹேவர்காம்பைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல வாடகைக்கு இருக்கிறவர்."

"சொந்தக்காரங்கன்னாதான் உள்ள விடலாம்." நர்ஸ் கொஞ்சம் காத்திருந்தாள். வெர்னா வாயைத் திறக்கவில்லை. "சரி. எனக்கு யாரும் இல்லன்னுதான் அவரும் சொன்னார்."

அன்று மாலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வெர்னா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாடகைக்காரனுக்காக யாரும் அழுவதில்லை என்பதால் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

கட்டைக்காலோடு வீடு திரும்பிய ஓர்வில் முதல் சாப்பாட்டிலேயே, "உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க, மிஸ் லட்ஸ்" என்றான்.

"இங்க யாரு இருக்கா, ஓர்வில்?"

"பழகிக்கிட்டா நல்லதுதானே. நாலு பேர் முன்னாடி வாய் தவறிடுச்சுன்னா உங்களுக்குத்தான் சிக்கல்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று பேர் சாப்பாடும் அவன் கட்டைக்காலும் என் சம்பளத்தில்தானே வந்தன என்று அவள் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸின் மேஜையருகே நின்றபோது அவள் சாப்பாட்டை நினைக்கவில்லை. திருமதி ஹேவர்காம்பின் முகம் எப்படி மாறும் என்றுதான் நினைத்தாள். அது அவளுக்குத் தெரியும். அதனால் கண்ணாடியில்கூட அவள் தன்னை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நாற்பத்தொன்றில் ஐரோப்பிய யுத்தத்தின் புண்ணியத்தில் உருக்காலை இரவு பகலாக ஓடியது. ஆசிரியர்கள் கூடுதல் கூலிக்கு அங்கே ஓடினார்கள். பள்ளிக் குழுவுக்கு ஆள் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் ஊரைக் காத்த அந்த ஒப்பந்த வரியை ஒரே கூட்டத்தில் அடித்துவிட்டார்கள்.

திருமதி ஹேவர்காம்ப் தாழ்வாரப் படியேறி வந்தாள். வலைக்கதவுக்கு உள்ளே ஓர்வில் யாருடைய ரேடியோவையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கால் போனபிறகு அதுதான் அவன் தொழில்.

"கல்யாணமான டீச்சரும் இனிமே இருக்கலாம், வெர்னா. உனக்கென்ன, மாப்பிள்ளை தேடி வெளிய போகணுமா? வீட்டுக்குள்ளயே ஒருத்தர் இருக்காரே."

இனி வேலைக்குப் பயமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வருடம் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"அவரா? நல்லாக் கேட்டீங்க, போங்க" என்று வெர்னா சிரித்தாள்.

உள்ளே திருப்புளிச் சத்தம் நின்றது. திருமதி ஹேவர்காம்ப் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கையெல்லாம் சாக்பீஸோட, கோட்டுகூட இல்லாம ஓடி வந்து நின்ன. வாடகைக்காரருக்காக யாரு அப்படி வருவா? எனக்கு அப்பவே தெரியும். நீ வாயத் திறந்து சொல்லியிருந்தா நானே கதவைத் திறந்து விட்டிருப்பேன், வெளியில ஒரு வார்த்தை விட்டிருக்க மாட்டேன். சொல்லுவேன்னுதான் அங்கயே நின்னேன். இன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன்."

அவள் படியிறங்கிப் போனாள். வெர்னா உள்ளே வந்தாள். ஓர்வில் அலமாரியிலிருந்து பழுத்துப்போன அந்த 'அறை வாடகைக்கு' அட்டையை எடுத்து, தூசி தட்டி, ஜன்னலில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எழுந்து நின்னு சொல்லிடறேன், ஓர்வில். எல்லார் முன்னாடியும்."

"சொல்லுங்க, மிஸ் லட்ஸ்" என்றான் அவன் மெதுவாக. "காலி பண்றதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும்னு உங்க அம்மா அன்னைக்கே சொன்னாங்க. இன்னைக்குச் சொல்லிட்டேன்."